பொது சுகாதாரமும் வளர்ச்சியும்: முதுநிலைப் படிப்பு பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தின் தாய்-சேய் நலத் திட்டத்தில் மூன்று வருடம் வேலை பார்த்து, அதன்பிறகு உதவித்தொகையில் இங்கிலாந்து போய்ப் பொது சுகாதாரத்தில் முதுநிலை படித்தவள். இப்போது மறுபடியும் மாவட்டத் திட்டப் பணியில் இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது போன் செய்து இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்கிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலும் சொல்லியிருக்கிறேன்.

"அக்கா, எம்.பி.ஹெச்.னா என்ன? படிச்சா பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாமா?"

போட்டுக்கொள்ள முடியாது. ஊசி போடவோ மருந்து எழுதவோ இந்தப் பட்டம் உரிமை தராது. ஒரு தெருவில் ஒரே வாரத்தில் பதினான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் பதினான்கு பேரையும் படுக்கையில் பார்ப்பார். பொது சுகாதாரம் படித்தவர் அந்தத் தெருவுக்குப் போவார். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், அந்தக் குழாய் எந்த இடத்தில் சாக்கடையைத் தாண்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். இரண்டு வேலையும் வேண்டும். இது இரண்டாவது வேலைக்கான படிப்பு.

மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த் என்பதன் சுருக்கம்தான் எம்.பி.ஹெச். நோய்ப்பரவியல், புள்ளியியல், சுகாதாரக் கொள்கை, சுகாதாரப் பொருளாதாரம், சுற்றுச்சூழல், மக்களின் பழக்கவழக்கம் ஆகியவை பாடங்கள். கடைசியில் ஒரு ஆய்வேடு. இந்தியாவில் பொதுவாக இரண்டு வருடம், இங்கிலாந்தில் ஒரு வருடம்.

"சில கோர்ஸ்ல கூடவே 'இன்டர்நேஷனல் டெவலப்மென்ட்'னு வருதே, அது எதுக்கு?"

நோய்க்கான காரணத்தைத் தேடிக்கொண்டே போனால் கூலி, சாலை, பள்ளிக்கூடம், சாதி, பெண்ணின் கையில் காசு இருக்கிறதா என்பதில் போய் நிற்கும். அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிப்பதற்குத்தான் இந்தப் பெயர். பணம் குறைந்த நாடுகளில் அரசு, உதவி நிறுவனங்கள், உள்ளூர் அமைப்புகள் எப்படி இயங்குகின்றன, ஒரு திட்டம் காகிதத்தில் நன்றாக இருந்தும் ஊரில் ஏன் படுத்துவிடுகிறது என்பதெல்லாம் இதில் வரும்.

எனக்குப் பிடித்த உதாரணம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எம்.பி.ஹெச். படித்துவிட்டு 1980களில் அந்தக் காட்டு மாவட்டத்துக்கு வந்தார்கள். பச்சிளம் குழந்தைகள் நிமோனியாவில் செத்துக்கொண்டிருந்தன. நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ஆபத்து. ஆனால் பிரசவம் பார்த்த கிராமத்துப் பெண்களுக்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாது. அதனால் மணி கோத்த ஒரு சட்டமும் ஒரு நிமிட மணல் கடிகாரமும் செய்து கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ளவேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் மருந்து. பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் வீட்டுக்கே போய்ப் பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொண்ட 39 ஊர்களில், மூன்றாம் வருடத்தில் பச்சிளம் குழந்தை இறப்பு, ஒப்பிட்ட ஊர்களைவிட 62 சதவீதம் குறைந்தது. 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இது வெளிவந்தது. இன்று நாடு முழுக்க ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் பிறந்த குழந்தையை வீட்டில் போய்ப் பார்ப்பதன் வேர் அங்கே இருக்கிறது. மருந்து ஏற்கனவே இருந்தது. எண்ணத் தெரியாத ஒரு பெண்ணின் கையில் அதைக் கொடுத்து நம்பியதுதான் புதிது.

"நான் டாக்டர் இல்லை. பி.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) முடிச்சிருக்கேன். எனக்கு இடம் கொடுப்பாங்களா?"

கொடுப்பார்கள். என் வகுப்பில் செவிலியர், பல் மருத்துவர், பொருளாதாரம் படித்தவர், பத்திரிகையாளர், பொறியாளர் எல்லோரும் இருந்தோம். பெரும்பாலான படிப்புகள் ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் போதும் என்கின்றன. சில மட்டும் மருத்துவம் சார்ந்த பட்டம் கேட்கும். இந்தியாவில் நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறுவதால், விண்ணப்பப் பணம் கட்டும் முன் தகுதிப் பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

"நான் எம்.பி.பி.எஸ். எம்.டி. கம்யூனிட்டி மெடிசின் பண்றதா, எம்.பி.ஹெச். பண்றதா?"

மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக ஆசை இருந்தால் எம்.டி. அது நீட் பி.ஜி. வழியாக வரும் மூன்று வருடப் படிப்பு. எம்.பி.ஹெச். அதற்கு ஈடாகாது. ஆராய்ச்சி, திட்ட மேலாண்மை, கொள்கை, பன்னாட்டு அமைப்புகள் பக்கம் மனம் போனால் எம்.பி.ஹெச். போதும்.

தமிழ்நாட்டு அரசுப் பணி எண்ணத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும், 1939ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டமும் உள்ள மாநிலம் இது. இந்தத் துறையில் எந்தப் பதவிக்கு எந்தப் பட்டம் செல்லும் என்பதை அறிவிக்கையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சீனியர் சொன்னார் என்று இரண்டு வருடத்தைச் செலவழிக்காதீர்கள்.

"எனக்குக் கணக்கே வராது. ஸ்டாட்டிஸ்டிக்ஸை நினைச்சாலே பயமா இருக்கு."

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு எடுக்காத நானே தேறினேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. கணக்கைக் கணினி போட்டுவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்று கேட்கத் தெரிய வேண்டும், அதுதான் பாடம்.

நான் பார்த்த ஒரு பதிவேட்டைச் சொல்கிறேன். ஒரு துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தம் எழுதிய நோட்டு. நீல மையில், கோடு கோணாமல், அழகான கையெழுத்து. 110/70, 120/80, 120/80, 110/70, 120/80. நான்கு பக்கத்துக்கு இதே எண்கள்தான். ஒரு இடத்தில்கூட 118 இல்லை, 134 இல்லை. மனித உடம்பு இப்படி ரவுண்டாக வராது. அந்தச் செவிலியர் அக்காவிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, கருவியின் பட்டையில் காற்று கசிந்து பல வாரம் ஆகிவிட்டது. மாற்றுக் கருவி கேட்டு இரண்டு முறை எழுதியிருக்கிறார். கட்டத்தைக் காலியாக விட்டால் மாதாந்திரக் கூட்டத்தில் திட்டு விழும். அதனால் நிரப்பியிருக்கிறார். அந்த எண்களை யாராவது கூட்டிப் பெருக்கி "இந்த வட்டாரத்தில் கர்ப்பகால ரத்த அழுத்தமே இல்லை" என்று அறிக்கை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் சந்தேகம் உங்களுக்கு வருமானால் புள்ளியியல் உங்களுக்கு வரும்.

"வெளிநாடு போகாம இங்கேயே நல்லா படிக்க முடியாதா?"

தாராளமாக முடியும். செலவைப் பார்த்தால் பலருக்கு இதுவே சரியான வழி. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997இலிருந்து எம்.பி.ஹெச். நடத்துகிறது. சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. கொள்ளைநோய் ஆய்வு, கண்காணிப்பு என்று களத்தில் இறங்கிக் கற்க அது நல்ல இடம். கிராமத்துக் களப்பணியைப் பார்க்க வேண்டுமென்றால், வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் கிராமப்புறச் சேவை கே.வி. குப்பம் பகுதியில் 1970களிலிருந்து நடக்கிறது. சமூக அறிவியல் பார்வை வேண்டுமென்றால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் (ஜே.என்.யூ.) இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மூத்தது 1932இல் தொடங்கிய கொல்கத்தாவின் அகில இந்தியப் பொது சுகாதார நிறுவனம்.

பலர் கணக்கில் எடுக்காத ஒரு இடம் வங்கதேசத் தலைநகர் டாக்காவின் பிராக் பல்கலைக்கழகம். அங்கே யுனிசெஃப் தலைவராக இருந்த ஜேம்ஸ் பி. கிராண்ட் பெயரில் 2004இல் தொடங்கிய பொது சுகாதாரப் பள்ளி இருக்கிறது. நம் ஊர் மாதிரியே நெருக்கமான, வெள்ளம் வரும், குடிசை நிறைந்த ஊர்களில் களப்பணி. லண்டனில் திரையில் பார்ப்பதை அங்கே காலில் சேறு பட நடந்து படிக்கலாம்.

"எம்.பி.ஹெச்., எம்.எஸ்சி. குளோபல் ஹெல்த், எம்.ஏ. டெவலப்மென்ட்... பேரைப் பார்த்தாலே தலை சுத்துது."

பெயரை விட்டுவிடுங்கள். பாடப்பட்டியலை இறக்கி, கட்டாயப் பாடம் எது, விருப்பப் பாடம் எது என்று பென்சிலால் குறியுங்கள். நோய்ப்பரவியலும் புள்ளியியலும் கட்டாயமாக இருந்தால் வெளியே என்ன பெயர் இருந்தாலும் அது பொது சுகாதாரப் படிப்பு. அவை இரண்டும் இல்லாமல் கொள்கை, அரசியல், மானுடவியல் என்று மட்டும் போனால் அது வளர்ச்சிப் படிப்பு. இங்கிலாந்தின் சசெக்ஸில் 1966இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இந்த இரண்டாவது வகைக்குப் பேர்போனது. இரண்டையும் கலந்து தருபவையும் உண்டு. லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தில் உலக சுகாதாரமும் வளர்ச்சியும் சேர்ந்த எம்.எஸ்சி. அப்படிப்பட்டது.

களத்தில் தரவு சேகரித்து ஆராயும் வேலை வேண்டுமானால் முதல் வகையை எடுங்கள். அமெரிக்கா போவதாக இருந்தால் அந்தப் பள்ளிக்கு சி.இ.பி.ஹெச். என்ற பொது சுகாதாரக் கல்வி மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"டிகிரி முடிச்ச கையோட போயிடலாமா? இல்ல வேலை பார்த்துட்டுப் போகணுமா?"

வேலை பார்த்துவிட்டுப் போங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தில் கையெழுத்துக்காக மூன்று நாள் காத்திருந்தவருக்கு, "திட்ட அமலாக்கத் தடைகள்" என்ற பாடம் முதல் வகுப்பிலேயே புரிந்துவிடும். மற்றவர்களுக்கு அது வெறும் ஸ்லைடு. என் வகுப்பில் நேராகக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் மதிப்பெண்ணில் என்னைவிட மேலேதான் இருந்தார்கள். ஆனால் ஆய்வுக்கு என்ன கேள்வி எடுப்பது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள்.

உதவித்தொகைக்கும் இது உதவும். அடுத்த பதிலைப் பாருங்கள்.

"வீட்ல அவ்வளவு வசதி இல்லை. ஸ்காலர்ஷிப் நிஜமாவே கிடைக்குமா?"

கிடைக்கும், ஆனால் ஒரு வருடம் முன்பே விண்ணப்ப வேலையைத் தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும். குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காமன்வெல்த் ஷேர்டு உதவித்தொகை, சொந்தப் பணத்தில் போக வழியில்லாதவர்களுக்கென்றே இருப்பது. ஜெர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு, வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்குத் தனி உதவி தருகிறது. ஐரோப்பாவில் இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையும் உண்டு.

பட்டியல் இனத்துப் பிள்ளைகள் இரண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, அதற்குக் குடும்ப வருமான உச்சவரம்பு 8 லட்சம். இன்னொன்று தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம். தகுதியிருந்தும் இவை இருப்பதே தெரியாமல் நிலத்தை அடகு வைத்த குடும்பத்தை நேரில் பார்த்திருக்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பாஸ்போர்ட் மூன்றையும் இப்போதே தயார் செய்து வையுங்கள்.

உதவித்தொகை இல்லாமல் இங்கிலாந்து போவதாக இருந்தால் கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். விசாக் கட்டணம், மருத்துவச் சேவைக்கு வருடத்துக்கு 776 பவுண்டு, வாடகை முன்பணம் எல்லாம் தனி. வாழ்க்கைச் செலவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருக்க வேண்டும். இருபத்தேழாம் நாள் எடுத்து மாமாவிடம் திருப்பிக் கொடுத்து விசா போன கதைகள் உண்டு.

"ஏஜென்ட் எஸ்.ஓ.பி. (ஏன் படிக்கிறேன்னு விளக்குற கடிதம்) எழுதித் தர்றேங்கிறார். வாங்கிக்கலாமா?"

வேண்டாம். "சிறுவயது முதலே மக்கள் சேவையில் ஆர்வம்" என்று தொடங்கும் கடிதத்தைத் தேர்வுக்குழு ஒரு நாளைக்கு நூறு பார்க்கிறது. உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத் தேதி, இடம், எண்ணோடு எழுதுங்கள். மேலே சொன்ன ரத்த அழுத்த நோட்டைத்தான் நான் என் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதினேன். அதைப் பார்த்து எனக்கு எழுந்த கேள்வி என்ன, அதற்கு விடை தேட எனக்கு என்ன தெரியவில்லை, அது இந்தப் படிப்பின் எந்தப் பாடத்தில் இருக்கிறது. இந்த வரிசையில் வைத்தால் கடிதம் தானாக ஓடும்.

ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் அதைத் தனியாகக் காட்டிவிடும். இரண்டு பேரிடம் பிழை திருத்தக் கொடுங்கள். எழுதக் கொடுக்காதீர்கள்.

"ஆய்வேட்டுக்கு நம்ம ஊரிலேயே ஃபீல்டு ஒர்க் பண்ணலாமா?"

பண்ணலாம், நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இரண்டு இடத்தில் வாங்க வேண்டியிருக்கும்: படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஒன்று, இந்தியாவில் ஒன்று. ஒரு வருடப் படிப்பில் கோடைக்காலம் மட்டும்தான் களத்துக்கு. ஒப்புதலுக்கான தாள்களைக் குளிர்காலத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

நம் ஊர் என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைத்துப் போகாதீர்கள். மகப்பேற்றுக்குப் பின்னான பரிசோதனைக்குத் தாய்மார்கள் ஏன் வருவதில்லை என்பது என் தலைப்பு. முதல் வீட்டில் அந்தப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். மாமியார் முறத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மாமியார் பதில் சொன்னார். அந்தப் பெண் முறத்திலிருந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டே தலையாட்டினாள். அன்று எழுதிய ஆறு பக்கமும் மாமியாரின் பேட்டி. மறுநாளிலிருந்து துணி துவைக்கும் நேரத்தில் தொட்டிக்குப் போனேன். அங்கேதான் பேசினார்கள்.

"யு.எஸ்.எய்டையே மூடிட்டாங்க. இனிமே இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?"

இந்தப் பயம் நியாயமானது, மறைக்க ஒன்றுமில்லை. 2025 ஜூலையோடு, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவியைக் கையாண்ட யு.எஸ்.எய்டு தனி அமைப்பாக இயங்குவது நின்றது. பிரிட்டனும் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. எனக்குத் தெரிந்தவர்கள், பத்து வருட அனுபவம் உள்ளவர்கள், ஒரே மின்னஞ்சலில் வேலை இழந்தார்கள். ஜெனீவாவிலோ வாஷிங்டனிலோ உட்காரலாம் என்று மட்டும் எண்ணி இந்தப் படிப்புக்கு இன்று கடன் வாங்காதீர்கள்.

ஆனால் வேலை செய்ய வேண்டிய இடம் குறையவில்லை. தேசிய சுகாதார இயக்கத்தின் மாவட்டப் பதவிகள், காசநோய்த் திட்டம், 2004இல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் பிரிவுகள், மாநகராட்சிகள், ஆராய்ச்சி நிறுவனங்கள், மருத்துவமனைகளின் தரவுப் பிரிவு எல்லாம் உண்டு. 2021இல் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாதிரி வீட்டு வாசலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் திட்டத்துக்கு, அந்த எண்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். சம்பளம் வெளிநாட்டுச் சம்பளம் இல்லை. பல பதவிகள் ஒப்பந்தப் பணி, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதையும் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் சேர வேண்டும்.

"படிச்சிட்டு அங்கேயே செட்டில் ஆகலாம்ல?"

செவனிங் வாங்கினால் முடியாது, காரணம் மேலே இருக்கிறது. சொந்தப் பணத்தில் போனவர்களுக்கு, படித்து முடித்தபின் வேலை தேட இங்கிலாந்தில் தந்துவந்த 2 வருடம், 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. 2024 ஜனவரியிலிருந்து வகுப்பறை முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்கள் துணைவரையும் பிள்ளைகளையும் கூட்டிப்போக முடியாது. அரசு உதவித்தொகை மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. குடியேறுவதுதான் நோக்கம் என்றால் அதற்கு நேரான படிப்புகள் வேறு இருக்கின்றன. அதில் தப்பும் இல்லை. இந்தப் படிப்பை அதற்கு வாகனமாக்கினால் வாகனமும் ஓடாது, படிப்பும் ஏறாது.

"நம்ம ஊர் வறுமையை வெள்ளைக்காரங்ககிட்ட போய்ப் படிக்கணுமா? இது உறுத்தலையா உங்களுக்கு?"

உறுத்தியது. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1898இல் ஒரு கப்பல் முதலாளியின் பணத்தில் தொடங்கியது. லண்டன் பள்ளி 1899இல். காலனி நாடுகளுக்குப் போன வெள்ளை அதிகாரிகளும் வணிகர்களும் காய்ச்சலில் சாகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய அவசரம். லிவர்பூலில் பாடம் நடத்திய ரொனால்ட் ராஸ், மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டது 1897இல் செகந்திராபாத்தில். அங்கே ஹுசேன் கான் என்ற நோயாளி, கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஒரு அணா வாங்கிக்கொண்டு உடம்பைக் கொடுத்தார். நோபல் பரிசு ராஸுக்கு வந்தது. இதையெல்லாம் இன்று அந்த வகுப்பறைகளிலேயே பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். நீங்களும் போடலாம்.

என் உறுத்தலுக்கு நான் செய்தது ஒன்றுதான். ஆய்வேடு முடிந்த பிறகு, நான் பேசிய பெண்களிடம் முடிவைச் சொல்லப் போனேன். மேலே சொன்ன துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்திலேயே, சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதி வேப்பமரத்தில் ஒட்டினேன். பரிசோதனைக்கு வராததற்கு முதல் காரணம் தூரம் என்று எழுதியிருந்தேன். குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா சொன்னார்: "தூரம் இல்ல பாப்பா. போற பஸ் ஒன்பதுக்கு, வர்ற பஸ் நாலு மணிக்கு. மூணரைக்கே பெரியவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டுன வீட்டு முன்னாடி நிப்பான்." சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆய்வேட்டை நான் சமர்ப்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பேனாவை எடுத்து, சார்ட்டில் தூரம் என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் பஸ் நேரத்தை எழுதினேன்.